முடி மாத்திரை, பிரஷர் மாத்திரை, சளி மாத்திரை: மூணும் ஒரே உடம்புல

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகச் சற்றே திருத்தித் தரப்பட்டுள்ளது.)

ரெண்டு வாரமா எபிசோட் வரல. "என்னாச்சு ப்ரோ, ரிலீஸ் வேலையா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ரிலீஸ் இல்ல. இடது புருவத்துக்கு மேல நாலு தையல். இன்னைக்கு அந்தக் கதையையும், அதுக்கப்புறம் நான் உட்கார்ந்து படிச்சதையும்தான் பேசப் போறேன். முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. எலக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு பேக்கெண்ட் கோட் எழுதற ஆளு. நான் சொல்றதை வச்சு எந்த மாத்திரையையும் ஆரம்பிக்காதீங்க, நிறுத்தாதீங்க. உங்க டாக்டர்கிட்ட என்ன கேள்வி கேட்கணும்னு தெரிஞ்சா போதும்.

நடந்தது இதுதான். ரெண்டு நாளா காய்ச்சல், சளி. சாப்பாடு சரியா இறங்கல, தண்ணியும் பெருசா குடிக்கல. ராத்திரி பத்து மணிக்கு வழக்கமான மாத்திரைகளோட ஒரு சளி மாத்திரையும் போட்டுட்டுப் படுத்தேன். ரெண்டு மணி வாக்குல எழுந்து பாத்ரூம் போனேன். போனது ஞாபகம் இருக்கு. கண்ணு முன்னாடி சாம்பல் கலர்ல ஒரு திரை இறங்கினது ஞாபகம் இருக்கு. அடுத்து ஞாபகம் இருக்கறது ரூம்மேட் "மச்சி, மச்சி"ன்னு கன்னத்துல தட்டினதுதான். வாஷ்பேசின் விளிம்புல நெத்தி மோதியிருக்கு.

ஆஸ்பத்திரியில தையல் போட்ட டியூட்டி டாக்டர், படுக்க வச்சு பிரஷர் பார்த்தாங்க: 112-க்கு 70. எழுந்து நிக்கச் சொல்லி ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி பார்த்தாங்க: 86-க்கு 58. நாடித்துடிப்பு 118. அப்புறம் கேட்டாங்க, "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"டெல்மிசார்டன் 40, டாக்டர். ஒரு வருஷமா."

"வேற?"

"வேற எதுவும் இல்ல."

"சளிக்கு?"

"ஆங், அதுக்கு மெடிக்கல்ல கேட்டு ஒரு அட்டை வாங்கினேன்."

"வேற?"

அப்போ ரூம்மேட் நடுவுல புகுந்து, "டேய், அந்த முடி மாத்திரை?"ன்னான்.

டாக்டர் பேனாவைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே, கோட் ரிவியூல கூட எனக்கு அப்படி ஒரு பார்வை கிடைச்சதில்ல.

நான் மறைக்கணும்னு மறைக்கல. எனக்கு அது மருந்தாவே தோணல. முடி கொட்டுதுன்னு மூணு வாரத்துக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு ஃபார்ம் நிரப்பி வாங்கினது அது. மினாக்சிடில், 2.5 மில்லிகிராம். அந்த ஃபார்ம்ல "வேறு மருந்துகள் எடுக்கிறீர்களா?"ன்னு தெளிவா ஒரு கேள்வி இருந்துச்சு. "இல்லை"ன்னு டிக் பண்ணதும் நான்தான். ஆமான்னு போட்டா ஆர்டர் நின்னுடுமோன்னு ஒரு நினைப்பு. 28 வயசுல பிரஷர் மாத்திரை சாப்பிடறேன்னு எழுதறதுல ஒரு வெட்கமும் இருந்துச்சு. கம்பெனி ஹெல்த் செக்கப்ல பிரஷர் 148-க்கு 96-னு வந்தப்போ அம்மாகிட்டயே ரெண்டு மாசம் சொல்லாதவன் நான்.

சரி, அந்த முடி மாத்திரை யாருன்னு பார்ப்போம். அதோட உண்மையான தொழில் முடி வளர்க்கறது இல்ல. அமெரிக்காவின் அப்ஜான் கம்பெனி வயித்துப்புண் மருந்து தேடிப் போன வழியில, ரத்தக்குழாயை பலமா விரிக்கற ஒரு பொருள் கிடைச்சது. அதிலிருந்து வந்ததுதான் மினாக்சிடில். 1979-ல அமெரிக்காவின் எஃப்டிஏ, லோனிடென் என்ற பெயரில் அதை அனுமதித்தது. எதுக்கு? மற்ற மருந்துகளுக்கு அடங்காத கடுமையான ரத்தக்கொதிப்புக்கு. அதைச் சாப்பிட்டவங்களுக்கு நெத்தி, கன்னம், கையெல்லாம் முடி முளைச்சது பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவைத்தான் தலையில தடவற திரவமா மாத்தி, 1988-ல ரோகெய்ன்னு அனுமதி வாங்கினாங்க. கவனிங்க, முடிக்காக எஃப்டிஏ அனுமதிச்சது தடவறதை மட்டும்தான். முடிக்காக மாத்திரையா கொடுக்கறது, தோல் டாக்டர்கள் தங்கள் பொறுப்புல, ரொம்பக் குறைஞ்ச அளவுல செய்யற வேலை. பிரஷருக்கு வழக்கமா ஒரு நாளைக்கு 10-லிருந்து 40 மில்லிகிராம். முடிக்கு கால் மில்லிகிராம்லிருந்து 5 வரைக்கும்.

அந்தக் குறைஞ்ச அளவு பெரும்பாலானவங்களுக்கு பெரிய தொந்தரவு கொடுக்கறதில்ல, அதையும் நேர்மையா சொல்லணும். 2021-ல வெளியான ஒரு ஆய்வுல 1404 பேரைப் பார்த்திருக்காங்க. வேண்டாத இடத்துல முடி வளர்ந்தது சுமார் 15 சதவீதம் பேருக்கு. தலை கிறுகிறுப்பு 1.7 சதவீதம். உடம்புல நீர் கோர்த்தது 1.3 சதவீதம். நான் பயமுறுத்த வரல. அந்த 1.7 சதவீதத்துக்குள்ள போய் விழ நானே எப்படி வழி பண்ணிக்கிட்டேன்னு சொல்றேன்.

ஈசிஈ படிச்சவங்களுக்கு இது சுலபமா புரியும். ஓம் விதி ஞாபகம் இருக்கா? வோல்டேஜ் என்பது கரண்ட் பெருக்கல் ரெசிஸ்டன்ஸ். ரத்த அழுத்தமும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். இதயம் ஒரு நிமிஷத்துல எவ்வளவு ரத்தம் தள்ளுது, அதை ரத்தக்குழாய்கள் எவ்வளவு எதிர்க்குது, ரெண்டையும் பெருக்கினா அழுத்தம். ரத்தக்குழாயை விரிக்கற மருந்து, அதாவது வாசோடைலேட்டர், அந்த ரெசிஸ்டன்ஸைக் குறைக்குது. அழுத்தம் இறங்குது.

இதோட முடிஞ்சா நல்லா இருக்கும். ஆனா உடம்பு ஒரு ஃபீட்பேக் சிஸ்டம். கழுத்துல இருக்கற பெரிய ரத்தக்குழாயிலயும், இதயத்துக்கு மேல இருக்கற மகாதமனியிலயும் அழுத்தத்தை அளக்கற சென்சார்கள் இருக்கு. அழுத்தம் இறங்கின சில நொடியிலேயே மூளைக்குத் தகவல் போகுது. இதயம் வேகமா அடிக்குது, ரத்தக்குழாய்கள் சுருங்கப் பார்க்குது. இது வேகமான லூப். இன்னொண்ணு மெதுவானது. சிறுநீரகம் "பிரஷர் கம்மியா இருக்கே"ன்னு ரெனின் என்கிற பொருளை விடுது. அது ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன்னு ஒரு சங்கிலியைக் கிளப்பி, உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம பிடிச்சு வைக்குது.

அதனாலதான் பழைய கால மினாக்சிடில் மாத்திரையோட லேபிள்ல, கட்டம் போட்ட எச்சரிக்கையாகவே, அதைத் தனியா கொடுக்காதீங்கன்னு இருக்கு. இதயம் படபடக்காம இருக்க பீட்டா பிளாக்கர், நீர் கோர்க்காம இருக்க டையூரெட்டிக், ரெண்டும் கூடவே போகணும். இல்லன்னா கால் வீங்கறது மட்டும் இல்ல, இதயத்தைச் சுத்தி இருக்கற உறையில நீர் சேர்ந்துடலாம். நெஞ்சுவலி இருக்கறவங்களுக்கு அது கூடலாம். ஆக, பிரஷர் மருந்தோட வாசோடைலேட்டரைச் சேர்த்தாலே ஆபத்துன்னு நினைக்காதீங்க. சரியான ஜோடியோட, அளந்து, பார்த்துப் பார்த்துச் சேர்த்தா அதுதான் சிகிச்சையே. யாரோ ஒருத்தர் முழுப் படத்தையும் பார்த்துக்கிட்டு இருக்காங்களா என்பதுதான் வித்தியாசம்.

என் கேஸ்ல அந்த யாரோ ஒருத்தர் இல்ல.

இங்க எனக்கே ஆச்சரியமா இருந்த ஒரு விஷயம். மினாக்சிடில் முக்கியமா சின்னத் தமனிகளைத்தான் விரிக்குது. எழுந்து நிக்கும்போது உடம்பு செய்யற அந்த வேகமான சரிக்கட்டலை அது நேரடியா கெடுக்கறதில்ல. அதனால அது தனியா இருக்கும்போது, எழுந்தா பிரஷர் சரியறது வழக்கம் இல்லைன்னு அதோட லேபிளே சொல்லுது. அதே லேபிள், அந்தச் சரிக்கட்டலைத் தடுக்கற குவானெதிடின் என்கிற பழைய பிரஷர் மருந்தோட சேர்ந்தா நிக்கும்போது பிரஷர் பயங்கரமா சரியும்னும் எச்சரிக்குது. அதாவது மருந்து இழுக்குது, உடம்பு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்குது. பிடிக்கற கையை யாராவது கட்டிப்போட்டா விழுவோம்.

இப்போ என் உடம்புல அன்னைக்கு ராத்திரி என்ன இருந்துச்சுன்னு பாருங்க. மினாக்சிடில் ரெசிஸ்டன்ஸைக் குறைச்சிருக்கு. டெல்மிசார்டன் ஆஞ்சியோடென்சின் வேலை செய்யற இடத்தை அடைச்சு, மெதுவான லூப்பை வெட்டியிருக்கு. ரெண்டு நாள் காய்ச்சல்ல தண்ணி குறைஞ்சு, பம்ப் பண்ணவே சரக்கு கம்மி. சளி மாத்திரையில இருந்த குளோர்ஃபெனிரமின் என்னை மந்தமாக்கியிருக்கு. போதாததுக்கு ராத்திரி நேரத்துல நின்னுக்கிட்டு சிறுநீர் கழிக்கறது, அதுவே சில பேருக்கு மயக்கம் வர வைக்கற விஷயம். டாக்டர்கிட்ட "இதுல எது காரணம்?"னு கேட்டேன். "எதுவும் தனியா இல்லப்பா, மொத்தமும் சேர்ந்துதான்"னாங்க. நம்ம ஊர் பாஷையில சொன்னா, அஞ்சு பிராஞ்ச், ஒவ்வொண்ணும் தனியா டெஸ்ட் பாஸ். ஒண்ணா மெர்ஜ் பண்ண பிறகு யாருமே ஓட்டிப் பார்க்கல.

இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியாது. மினாக்சிடில் ரத்தத்துலிருந்து வேகமா காலியாயிடும், அரை ஆயுள் சுமார் நாலு மணி நேரம். அதனால ராத்திரி போட்டா காலையில போயிருக்கும்னு நினைச்சேன். பிரஷர் மேல அதோட வேலை அப்படி இல்ல. மாத்திரை போட்டு ரெண்டு மூணு மணி நேரத்துல பிரஷர் அடிமட்டத்துக்கு வருது, அப்புறம் ஒரு நாளைக்கு சுமார் 30 சதவீதம்னு மெதுவாத்தான் ஏறுது. ஆக, நிறுத்தினாலும் மூணு நாள் வரைக்கும் வால் இருக்கும். பிரஷர் மாத்திரையையும் முடி மாத்திரையையும் சில மணி நேரம் இடைவெளி விட்டுப் போட்டா தப்பிச்சுடலாம்னு இணையத்துல பேசறவங்க இதைக் கவனிக்கணும்.

வாசோடைலேட்டர் எல்லாமே ஒரே ஜாதி இல்ல. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கற நைட்ரேட் மாத்திரை முக்கியமா சிரைகளை விரிக்குது. ரத்தம் கால்லயே தங்கிடும், எழுந்தா சட்டுனு கிறுகிறுக்கும். உங்க வீட்டுப் பெரியவங்க அதை உட்கார்ந்துகிட்டுதான் வைக்கணும்னு டாக்டர் சொல்றது இதுக்குத்தான். பிராஸோசின் மாதிரி ஆல்ஃபா பிளாக்கர்களுக்கு முதல் டோஸ்லயே மயக்கம் போட்டு விழற பழக்கம் உண்டு, அதனால முதல் மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடச் சொல்வாங்க. புராஸ்டேட் பிரச்சனைக்குக் கொடுக்கற டாம்சுலோசினும் அந்தக் குடும்பம்தான். அதைச் சாப்பிடற தாத்தாக்கள் பலருக்கு அது பிரஷரையும் தொடும்னே தெரியாது. அப்புறம் வெளிய சொல்ல வெட்கப்படற ஒண்ணு, சில்டனாஃபில். நைட்ரேட்டோட அது சேரவே கூடாது. சேர்ந்தா உயிருக்கே ஆபத்து. சில்டனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடலாஃபில் போட்டு 48 மணி நேரம் நைட்ரேட் பக்கமே போகக்கூடாது. நெஞ்சுவலியோட அவசர சிகிச்சைக்குப் போறவர் வெட்கத்துல இதை மறைச்சார்னா என்ன ஆகும்னு யோசிங்க. முடி மாத்திரையை மறைச்ச எனக்கு இதைச் சொல்ல யோக்யதை இருக்கான்னு தெரியல, இருந்தாலும் சொல்றேன்.

அலர்ஜி மாத்திரைக்கு வருவோம். ஆன்டிஹிஸ்டமின். ஹிஸ்டமின்ங்கறதே உடம்பு தயாரிக்கற ஒரு வாசோடைலேட்டர்தான்! கொசு கடிச்ச இடம் சிவந்து வீங்குதே, ரத்தக்குழாயை விரிச்சு, கசிய விடறது அதோட வேலை. அப்போ ஹிஸ்டமினைத் தடுத்தா பிரஷர் ஏறணுமேன்னு எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. சாதாரண நேரத்துல பிரஷரைப் பிடிச்சு வைக்கறதுல ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு இல்ல, அதனால ஏறாது. செடிரிசின், லெவோசெடிரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதிய தலைமுறை மாத்திரைகள், பிரஷர் மருந்து சாப்பிடற பெரும்பாலானவங்களுக்கு ஒத்துப்போகிறவை. செடிரிசின் மட்டும் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாத்தான் வெளியேறுது. பிரஷரால சிறுநீரகம் அடி வாங்கினவங்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

பழைய தலைமுறைதான் வேற ரகம். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெதசின், ஹைட்ராக்ஸிசின். இவை மூளைக்குள்ள போய்த் தூக்கம் வர வைக்கும். புரோமெதசினுக்கு ஆல்ஃபா பிளாக்கர் குணமும் கொஞ்சம் உண்டு, அதனால எழும்போது பிரஷர் சரியலாம். டைஃபென்ஹைட்ரமின் கல்லீரல்ல ஒரு என்சைமைத் தடுக்குது. அந்த என்சைம்தான் மெட்டோபுரலால் என்கிற பீட்டா பிளாக்கரை உடைக்கறது. விளைவு, நீங்க போட்டது ஒரு மாத்திரை, உடம்புல இருக்கறது அதைவிட அதிகம். நாடி ரொம்ப மெதுவாகலாம். ஹைட்ராக்ஸிசின் இதயத்தோட மின் தாளத்தைத் தொடக்கூடியது. டையூரெட்டிக்கால பொட்டாசியம் குறைஞ்சிருக்கறவங்களுக்கு அது கூடுதல் கவலை.

இதைவிட வேடிக்கை சளி மாத்திரை. நம்ம கடையில கிடைக்கற பல சளி அட்டையைத் திருப்பிப் பாருங்க. குளோர்ஃபெனிரமின், பாராசிட்டமால், கூடவே ஃபீனைலெஃப்ரின்னு இருக்கும். மூக்கடைப்பைக் குறைக்க ரத்தக்குழாயைச் சுருக்கற பொருள் அது. நான் ஒரு பக்கம் குழாயை விரிக்க மாத்திரை, இன்னொரு பக்கம் சுருக்க மாத்திரை, ரெண்டையும் ஒரே தண்ணியில முழுங்கியிருக்கேன். (சிரிப்பு) இதுல இன்னொரு கூத்து. வாய் வழியா எடுக்கற ஃபீனைலெஃப்ரின் மூக்கடைப்புக்கு வேலையே செய்யறதில்லைன்னு எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பர்ல ஒருமனதா சொல்லிடுச்சு. சூடோஎஃபெட்ரின் வேலை செய்யும், ஆனா பிரஷரையும் நாடியையும் ஏத்தும். பேர்ல "டி" அல்லது "பிளஸ்" ஒட்டின அலர்ஜி மாத்திரைன்னா, உள்ள செடிரிசின் மட்டும்தானா, கூட யாராவது ஏறியிருக்காங்களான்னு பின்பக்கம் படிங்க. உடம்பு வலிக்குன்னு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் சேர்க்கறதும் சும்மா இல்ல. அவை பிரஷரை ஏத்தும். டெல்மிசார்டன் மாதிரி மருந்தும் டையூரெட்டிக்கும் ஏற்கெனவே சாப்பிடறவங்களுக்கு சிறுநீரகத்தையே பாதிக்கலாம்.

"இதெல்லாம் ஓவர் ப்ரோ, அலர்ஜி மாத்திரையால யார் செத்தா?"ன்னு கேட்பீங்க. டெர்ஃபெனடின்னு ஒண்ணு இருந்துச்சு. 1985-ல அமெரிக்காவுல வந்த, தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை. பயங்கர ஹிட். அது உடம்புக்குள்ள போனதும் ஒரு என்சைம் அதை முழுசா வேற பொருளா மாத்திடும், அந்தப் பொருள்தான் அலர்ஜியை அடக்கும். ஆனா கூட எரித்ரோமைசினோ கீட்டோகோனசோலோ சாப்பிட்டா அந்த என்சைம் முடங்கி, மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்துல குவிஞ்சு, இதயத் தாளம் குலைஞ்சு ஆட்கள் இறந்தாங்க. 1998-ல சந்தையிலிருந்து எடுத்தாங்க. அது மாறி வர்ற அந்த நல்ல பொருள் எது தெரியுமா? நாம இன்னைக்கு சாப்பிடற ஃபெக்ஸோஃபெனடின்.

அதே என்சைமைக் கிரேப்ஃப்ரூட் சாறும் முடக்கும். அதைக் கண்டுபிடிச்சதே ஒரு பிரஷர் மாத்திரையாலதான். கனடாவுல டேவிட் பெய்லியும் கூட இருந்தவங்களும், ஃபெலோடிபினோட சாராயம் சேர்ந்தா என்ன ஆகும்னு சோதிச்சாங்க. சாராய ருசி தெரியாம இருக்க கிரேப்ஃப்ரூட் சாறுல கலந்து கொடுத்தாங்க. பார்த்தா, சாராயம் குடிச்சவங்க, குடிக்காதவங்க, ரெண்டு கூட்டத்துக்கும் ரத்தத்துல மருந்து அளவு எக்கச்சக்கமா இருந்துச்சு. குற்றவாளி சாறு! 1989-ல வெளியாச்சு அது. நம்ம ஊர் பம்பளிமாஸ் கிரேப்ஃப்ரூட்டோட தாய்வழிச் சொந்தம். ஃபெக்ஸோஃபெனடின் கதை நேர் எதிர்: ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாறோட போட்டா உடம்புல சரியா ஏறாது. தண்ணியோட போடுங்க.

இந்த எபிசோடுக்கு நான் எழுதி வச்ச குறிப்புல இல்லாத ஒண்ணு இப்போ சொல்லணும். தையலோட ஊருக்குப் போனப்போ அம்மா இருமிக்கிட்டே இருந்தாங்க. வறட்டு இருமல். "ஆறு மாசமா இப்படித்தான்டா, தூசி அலர்ஜி"ன்னாங்க. மெடிக்கல் அண்ணன் கொடுத்த ஆன்டிஹிஸ்டமின் சிரப் தினமும் ராத்திரி. காலையில பத்து மணி வரைக்கும் தள்ளாட்டம். அம்மாவோட பிரஷர் மாத்திரையை எடுத்துப் பார்த்தேன். ராமிப்ரில். ஆரம்பிச்சு எட்டு மாசம். ராமிப்ரில், எனலாப்ரில் வகை மருந்துகளுக்கு வறட்டு இருமல் ரொம்பத் தெரிஞ்ச பக்கவிளைவு. பிராடிகினின்னு ஒரு பொருள் உடையாம சேர்ந்துபோறதால வர்றது. ஹிஸ்டமினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதனால சிரப் எத்தனை பாட்டில் குடிச்சாலும் நிக்காது. நானே நிறுத்தச் சொல்லல, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் மருந்தை மாத்தினார். மூணாவது வாரம் போன்ல பேசும்போது, இருமல் இல்லாம அம்மா ஒரு முழு வாக்கியம் பேசினாங்க. "ஏன்டா இத்தனை நாள் கேக்கல?"ன்னுதான் அந்த வாக்கியம்.

இதே வகை மருந்தால அரிதா உதடு, நாக்கு, முகம் வீங்கலாம். பார்க்க அலர்ஜி மாதிரியே இருக்கும். பெரும்பாலும் அரிப்பு, தடிப்பு இருக்காது. இதுக்கும் காரணம் பிராடிகினின்தான். செடிரிசின் போட்டுட்டுக் காத்திருக்கற விஷயமே இல்ல இது, மூச்சுக்குழாய் அடைச்சுக்கலாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போகணும். நிஜமான கடுமையான அலர்ஜியில பிரஷர் சரியும்போதும் ஆன்டிஹிஸ்டமின் போதாது, அட்ரினலின் ஊசிதான் மருந்து. பீட்டா பிளாக்கர் சாப்பிடறவங்களுக்கு அந்த ஊசி சரியா எடுபடாம போகலாம். அதனால வேர்க்கடலை, இறால், தேனீ மாதிரி கடும் அலர்ஜி இருக்கறவங்க பிரஷர் மாத்திரை எழுதும் டாக்டர்கிட்ட அதை முதல் வார்த்தையா சொல்லணும்.

நிறைய பேர் கேட்ட நடைமுறைக் கேள்விக்கு வர்றேன். எனக்கு என்ன பண்ணாங்க? சளி மாத்திரை நின்னுச்சு. மினாக்சிடில் மாத்திரை நின்னுச்சு. டெல்மிசார்டனை ரெண்டு நாள் நிறுத்தி வச்சு, தண்ணி ஏறி, நிக்கும்போது பிரஷர் சரியானதும் திரும்ப ஆரம்பிச்சாங்க. மூக்கு ஒழுகினா செடிரிசின், மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணி சொட்டு. முடிக்கு தோல் டாக்டர்கிட்ட நேர்ல போனேன், ஃபைலோட. இப்போதைக்குத் தடவற மினாக்சிடில் போதும்னார். தலையில தடவினா சராசரியா 1.4 சதவீதம்தான் உடம்புக்குள்ள போகுதாம். பின்னாடி மாத்திரை வேணும்னா என் பிரஷர் டாக்டரும் அவரும் பேசிட்டு, இன்னும் சின்ன அளவுல ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்கார். முடியை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசில்ல, ஒத்துக்கறேன்.

மாத்திரை மாறும்போதெல்லாம் நான் வீட்டுல பண்றது ஒண்ணு. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பிரஷர் பார்ப்பேன். எழுந்து நின்னு ஒரு நிமிஷத்துல ஒரு தடவை, மூணாவது நிமிஷத்துல ஒரு தடவை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைஞ்சா டாக்டருக்கு போன். உட்கார்ந்து மட்டும் பார்த்திருந்தா அன்னைக்கு என் பிரஷர் "சூப்பர்"னு காட்டியிருக்கும். வாசோடைலேட்டர் மாத்திரை சாப்பிடறவங்க ஓய்வுல இருக்கும்போது நாடி வழக்கத்தைவிட 20 கூடினாலோ, எடை திடீர்னு ரெண்டு கிலோவுக்கு மேல ஏறினாலோ, கணுக்கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ தள்ளிப் போடாதீங்க. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்த நாள்ல பிரஷர் மாத்திரையை என்ன பண்றதுன்னு முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க, அன்னைக்கு யோசிக்கத் தெம்பு இருக்காது. வெயில்ல அலைஞ்சுட்டு வந்து சூடா எண்ணெய்க் குளியல், அதுக்கு மேல பீர், இதெல்லாமும் குழாயை விரிக்கற கணக்குலதான் சேரும். அதுக்காகப் பயந்து பிரஷர் மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க. குளோனிடின், பீட்டா பிளாக்கர் மாதிரி சிலதைத் திடீர்னு நிறுத்தினா பிரஷரோ நெஞ்சுவலியோ முன்னைவிட மோசமா திரும்பி வரும். ஒரு வேளை மறந்தா அடுத்த வேளை ரெட்டையா போடறதும் வேண்டாம்.

அம்மாவோட மாத்திரை டப்பாவையும் என் டப்பாவையும் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல பின் பண்ணி வச்சிருக்கேன். எண்ணெய், சொட்டு, சூரணம் எல்லாம் சேர்த்து. அப்பா மட்டும் இன்னும் அனுப்பல. "எனக்கென்னடா, ஒரே ஒரு மாத்திரைதான்"ங்கறார். போன ஞாயிறு அம்மா அவர் சட்டைப் பையிலிருந்து ரெண்டாவது அட்டையைக் கண்டுபிடிச்சிருக்காங்க, என்னன்னு படிச்சுச் சொல்லச் சொல்லி போட்டோ வந்திருக்கு. அதைப் பார்த்துட்டு வர்றேன். அடுத்த வாரம் வழக்கம்போல டேட்டாபேஸ் பேசுவோம்.